வெட்டு, சுருக்கு, அப்புறம் அனுப்பு: பறவைப் படங்கள் சட்டென்று திறக்க

ஞாயிறு மதியம் ஆனால் பெங்களூரில் பறவை பார்க்கப் போகிற நம்ம ஆட்களின் படங்கள் வரிசையாக வந்து இறங்க ஆரம்பிக்கும். ஹெப்பாள் ஏரிக்குப் போனவர் கூழைக்கடாவை அனுப்புவார், லால்பாக் போனவர் புள்ளி ஆந்தையை, அல்சூர் ஏரிக்கரையில் நடைக்குப் போனவர் சிறகை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகத்தை. படங்கள் அருமையாகத்தான் இருக்கும், ஆனால் பாதி பேருக்கு அவை திறக்காது. எட்டு எம்பி, பத்து எம்பி என்று ஒவ்வொன்றும் மலை மாதிரி வரும். சாம்பல் கட்டத்துக்குள் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், அவர்களும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விரலைத் தள்ளி அடுத்ததுக்குப் போய்விடுவார்கள்.

ராமமூர்த்தி நகரில் இருக்கும் எங்கள் குழுவின் பெரியவர் ஒருவர், ரிட்டையர் ஆனவர், ஒரு கல்லூரிப் பையனிடம் சொன்னது: "தம்பி, நீ அனுப்பின கொக்கு எனக்கு வட்டமாத்தான் தெரியுது, இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு." பையன் உடனே, "ஐயா, ஃபுல் குவாலிட்டி வேணும்னு நீங்கதானே சொன்னீங்க" என்றான். ரெண்டு பேர் சொன்னதும் சரிதான். தரமும் வேண்டும், சட்டென்று திறக்கவும் வேண்டும். இரண்டும் சேர்ந்தே நடக்கும், அதற்குப் படத்தைத் தயார் செய்யும் வரிசை தெரிந்தால் போதும். செயலியோ கேமராவோ எதுவாக இருந்தாலும் வரிசை இதுதான்: முதலில் வெட்டுவது, அப்புறம் சுருக்குவது, கடைசியில் தரத்தைக் கொஞ்சம் இறக்கிச் சேமிப்பது. பலபேர் வெட்டாமலேயே சுருக்குகிறார்கள், அதனால்தான் "சுருக்கினால் படம் கெட்டுப்போகும்" என்ற பேச்சே வந்தது.

முதலில் கொஞ்சம் கணக்கு

24 மெகாபிக்சல் கேமரா ஒன்று எடுக்கும் படம் 6000க்கு 4000 பிக்சல், அதாவது 2.4 கோடி புள்ளிகள். போனில் 12 மெகாபிக்சல் என்றால் ஏறக்குறைய 4000க்கு 3000. இதைப் பார்க்கிறவரின் லேப்டாப் திரை எவ்வளவு? பெரும்பாலும் 1920க்கு 1080, அதாவது 20 லட்சத்துச் சொச்சம் புள்ளிகள்தான். போன் திரையின் அகலம் பல மாடல்களில் 1080 பிக்சல். 2.4 கோடிப் புள்ளிகளை இறக்கிக்கொண்டு வந்து, அதில் பன்னிரண்டில் ஒரு பங்கை மட்டும் திரையில் காட்டி, மீதியை அவரது கருவியே தூக்கி எறிகிறது. அதற்கான டேட்டா மட்டும் அவர் கணக்கில்.

நேரத்தையும் பார்த்துவிடுங்கள். படம் ஒன்று 8 எம்பி, பத்துப் படம் என்றால் 80 மெகாபைட். நெட் வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள், ஒரு பைட்டுக்கு எட்டு பிட், ஆக 640 மெகாபிட். சிக்னல் தடுமாறும் இடத்தில் விநாடிக்கு 2 மெகாபிட்தான் கிடைக்கிறது என்றால் 320 விநாடி, ஐந்து நிமிஷத்துக்கும் மேல். அதே பத்துப் படத்தை ஒன்று 300 கேபி என்று ஆக்கி அனுப்பினால் மொத்தம் 3 மெகாபைட், 12 விநாடியில் முடிந்துவிடும். மெட்ரோவில் கப்பன் பார்க் தாண்டி மெஜஸ்டிக் வரைக்கும் பூமிக்கடியில் போகும்போது போனைப் பார்த்துக்கொண்டு வருகிறவருக்கு இந்த வித்தியாசம் நன்றாகப் புரியும். ஊரில் ஒரே ஒரு கோடு சிக்னலில் உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு இன்னும் நன்றாகப் புரியும்.

வெட்டுவதுதான் முதல் வேலை

பறவைப் படத்துக்கும் கல்யாணப் படத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நம் படத்தில் பறவை எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும். 300 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டாலும் மரக்கிளையில் இருக்கும் தேன்சிட்டு சட்டத்தில் ஒரு மூலையைத்தான் பிடிக்கும், மீதி எல்லாம் இலையும் வானமும். இந்த நிலையில் படத்தை வெட்டாமல் நேராகச் சுருக்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

6000 பிக்சல் அகலப் படத்தில் பறவை 900 பிக்சல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தப் படத்தையும் 1600க்குச் சுருக்கினால் பறவை 240 பிக்சலாகிவிடும், கண்ணுக்குள் இருக்கும் ஒளிப்புள்ளிகூடத் தெரியாது. அதே படத்தில் பறவையைச் சுற்றி 2400 பிக்சல் அகலத்துக்கு முதலில் வெட்டிவிட்டு, பிறகு 1600 ஆக்கினால் பறவை 600 பிக்சல். இறகு வரி தெரியும், அலகின் வளைவு தெரியும், இனம் கண்டுபிடிக்க வேண்டியவருக்கு வேண்டியது எல்லாம் தெரியும். இரண்டு ஃபைலுக்கும் எடை, அதாவது எத்தனை எம்பி என்பது, பெரிதாக மாறாது. படத்தைக் கெடுத்தது சுருக்கல் இல்லை, வெட்டாமல் விட்டதுதான்.

வெட்டும்போது பறவை பார்க்கும் பக்கம் கொஞ்சம் இடம் விடுங்கள், மூக்கு முட்டுகிற மாதிரி வெட்டினால் பார்க்க ஒரு மாதிரி இருக்கும். இனம் தெரியாத பறவை என்றால் காலும் வாலும் கட்டாயம் உள்ளே இருக்க வேண்டும், கழுகு, பருந்து வகைகளில் வால் நுனியை வெட்டிவிட்டு "இது என்ன?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது கஷ்டம். கரும்பருந்தா இல்லையா என்பதை அந்த வாலின் பிளவை வைத்துத்தான் முதலில் பார்ப்பார்கள். அழகுக்காக எடுத்த படமென்றால் உங்கள் இஷ்டம். கொக்கரெபெள்ளூரில் வீட்டு ஓரத்துப் புளியமரத்தில் கூழைக்கடா கூடு கட்டியிருப்பதை எடுத்தால் அந்த வீடும் தெருவும் படத்தில் இருந்தாக வேண்டும், அங்கே போய்ப் பறவையை மட்டும் வெட்டி எடுத்தால் படத்தின் விஷயமே போச்சு.

வெட்டின பிறகு பறவை 300 பிக்சல்கூடத் தேறவில்லை என்றால் பெரிதாக்க முயற்சி பண்ண வேண்டாம், இல்லாத இறகு வராது. இப்போது சில செயலிகள் இல்லாத இறகையும் கற்பனையாக வரைந்து கொடுக்கின்றன. பார்க்கப் பளபளப்பாக இருக்கும். ஆனால் இனம் கண்டுபிடிக்க அனுப்பும் படத்துக்கு அது விஷம்: இல்லாத கோடு ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டு ஒரு இனத்தை இன்னொரு இனமாக்கிவிடும்.

எவ்வளவு சுருக்குவது

நீளமான பக்கம் 1600 பிக்சல். இது ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும். போனில் முழுத்திரையில் பார்த்து, கொஞ்சம் விரலால் பெரிதாக்கவும் இடம் இருக்கும், லேப்டாப்பிலும் நன்றாக இருக்கும். சும்மா "இதைப் பார்த்தேன்" என்று சொல்லும் படத்துக்கு 1200 போதும். 2000க்கு மேல் போக எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை, இறகு இறகாக விவாதிக்கிற ஆட்களுக்குத் தவிர.

சுருக்கினதும் படம் லேசாக மழுங்கின மாதிரி தெரியும். அது இயல்பு. சுருக்கிய பிறகு ஒரு தடவை மெலிதாக ஷார்ப்பன் கொடுத்தால், அதாவது ஓரங்களைக் கூர்மையாக்கினால், சரியாகிவிடும். முன்னால் ஷார்ப்பன் கொடுத்துவிட்டுப் பின்னால் சுருக்குவதில் பிரயோஜனம் இல்லை, கொடுத்ததில் பாதி காணாமல் போகும். அதிகமாகக் கொடுத்தால் பறவையைச் சுற்றி வெள்ளைக்கோடு விழும், வானத்தின் முன்னால் பறக்கும் பறவைக்கு அது உடனே தெரிந்துவிடும்.

தரம் என்ற அந்த எண்

ஜேபெக் (JPEG) என்று சேமிக்கும்போது தரம் 100 வரைக்கும் ஒரு அளவுகோல் வரும். அதை 100இல் வைக்காதீர்கள். 75 முதல் 80 வரை வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, எடை பாதிக்கும் கீழே போய்விடும். 60க்குக் கீழே போனால் வானத்தில் பட்டை பட்டையாகவும், கிளை ஓரங்களில் கொசு மொய்க்கிற மாதிரியும் அழுக்கு தெரியும்.

ஜேபெக் 1992இல் வந்த முறை. படத்தை 8க்கு 8 பிக்சல் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் கண் கவனிக்காத நுணுக்கத்தைத் தூக்கிப் போட்டுத்தான் எடையைக் குறைக்கிறது. நிறத்தைவிட வெளிச்ச வேறுபாட்டை நம் கண் கூர்மையாகப் பிடிக்கும் என்பதால் நிறத் தகவலை இன்னும் தாராளமாகக் குறைக்கும். இது தெரிந்தால் ஒரு விஷயம் புரியும்: ஒரே அளவு, ஒரே தரம் வைத்தாலும் எல்லாப் படமும் ஒரே எடை வராது. வெறும் நீல வானத்தில் பறக்கும் செம்பருந்து 100 கேபிக்குள் அடங்கலாம். கோரைப்புல்லுக்குள் நிற்கும் நீலத் தாழைக்கோழி 500 கேபியைத் தொடலாம், ஏனென்றால் ஒவ்வொரு புல்லும் ஒரு நுணுக்கம், எதையும் எளிதில் தூக்கிப்போட முடியாது. அதனால் "எல்லாப் படமும் 200 கேபிக்குள் இருக்கணும்" என்று கண்டிப்பாக வைத்துக்கொள்ளாதீர்கள். 1600 பிக்சல், 75 முதல் 80 தரம், இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு எடை எங்கே போகிறதோ போகட்டும் என்று விடுங்கள்.

விடியற்காலைப் படங்களுக்குத் தனியாக ஒரு சங்கடம் இருக்கிறது. வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் வெளிச்ச உணர்வை, 3200, 6400 என்று ஏற்றி எடுத்திருப்போம், படம் முழுக்கப் பொடிப்பொடியாக நாய்ஸ் இருக்கும். அந்தப் பொடி ஒவ்வொன்றையும் ஜேபெக் ஒரு நுணுக்கமாக நினைத்துக் காப்பாற்றப் பார்க்கும், அதனால் எடை ஏறும். கெட்ட படம் நல்ல படத்தைவிடக் கனமாக இருப்பதன் காரணம் இதுதான். சுருக்குவதற்கு முன்னால் நாய்ஸைக் கொஞ்சம் குறைத்துவிட்டால், குறிப்பாகப் பின்னணியில், படமும் பார்க்க நன்றாகும், எடையும் இறங்கும். இறகு மேல் கை வைக்காமல் பின்னணியை மட்டும் மழமழவென்று ஆக்கும் வசதி உங்கள் செயலியில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று, ஜேபெக்கைத் திறந்து திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போகும். நேற்று வெட்டிச் சேமித்ததை இன்று நிறம் மாற்றி, நாளை பெயர் போட்டு என்று ஒரே ஃபைலின் மேல் சேமித்துக்கொண்டே போனால் நாலாவது தடவை படம் சோர்ந்துபோகும். அசலிலிருந்து ஒரே மூச்சில் எல்லாம் செய்து, வேறு பெயரில் சேமியுங்கள். அசல் மேல் சேமித்துவிட்டால் திரும்ப வராது.

எந்த வடிவம்

போட்டோவுக்கு ஜேபெக் போதும், எல்லாக் கருவியிலும் திறக்கும். பிஎன்ஜியில் போட்டோ சேமிக்காதீர்கள், அது எதையும் தூக்கிப்போடாத வடிவம் என்பதால் எடை பல மடங்கு ஆகும். வரைபடம், எழுத்து உள்ள ஸ்கிரீன்ஷாட் மாதிரி தட்டையான நிறங்கள் உள்ளதற்குத்தான் அது பொருத்தம். சில பேர் போட்டோவைத் திரையில் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறார்கள், அதில் தரமும் போகும், எடையும் ஏறலாம், இரண்டு பக்கமும் நஷ்டம்.

வெப்பி (WebP) என்று கூகிள் 2010இல் கொண்டுவந்த வடிவம் ஒன்று இருக்கிறது. ஒரே தரத்துக்கு ஜேபெக்கைவிட 25 முதல் 34 சதவீதம் சிறியதாக வரும் என்பது கூகிள் சொல்லும் கணக்கு. ஆப்பிளின் சஃபாரி 2020இல் அதை ஏற்றுக்கொண்ட பிறகு இப்போது எல்லா பிரவுசரிலும் திறக்கிறது. இணையப் பக்கத்தில் வைக்கும் படமென்றால் வெப்பி நல்ல தேர்வு. ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய்க்கொண்டே இருக்கும் படமென்றால் நான் ஜேபெக்கோடு நின்றுவிடுவேன், யாரோ ஒருவரின் பழைய கம்ப்யூட்டரில் திறக்கவில்லை என்று போன் வரும், அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன் ஹெய்க் (HEIC) என்ற வடிவத்தில் சேமிக்கிறது. எடை குறைவு, நல்ல வடிவம்தான், ஆனால் சில விண்டோஸ் கம்ப்யூட்டரில் கூடுதலாக ஒன்றை நிறுவாமல் திறக்காது. செட்டிங்ஸ் போய், கேமரா, ஃபார்மட்ஸ், அதில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் இனிமேல் எடுப்பது ஜேபெக்காக வரும். இல்லாவிட்டால் சுருக்கும்போதே ஜேபெக்காக மாற்றிக்கொள்ளலாம்.

கேமராவில் கலர் ஸ்பேஸ் என்று ஒரு அமைப்பு இருக்கும், அதில் அடோபி ஆர்ஜிபி போட்டிருந்தால் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் சில செயலிகளில் நிறம் வெளுத்துத் தெரியும், வெண்மார்பு மீன்கொத்தியின் அந்த நீலம் சலவைக்குப் போட்ட சட்டை மாதிரி இருக்கும்.

எதில் செய்வது

கம்ப்யூட்டரில் விண்டோஸ் என்றால் இர்ஃபான்வியூ. பழைய காலத்து முகம், ஆனால் வேலைக்காரன். சொந்த உபயோகத்துக்கு இலவசம். ஒரு நாள் எடுத்த படங்களை வெட்டி ஒரு ஃபோல்டரில் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஃபைல் மெனுவில் 'பேட்ச் கன்வர்ஷன்' என்பதைத் திறந்து, அட்வான்ஸ்டு அமைப்பில் நீளமான பக்கத்துக்கு 1600 என்று கொடுத்து, சின்னப் படங்களைப் பெரிதாக்க வேண்டாம் என்ற கட்டத்தையும் டிக் செய்து, தரத்தை 80 என்று வைத்து, வெளியே வரும் படங்களுக்கு வேறு ஃபோல்டரைக் காட்டி ஓட விட்டால் நாற்பது படம் என்றாலும் காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். மேக் என்றால் கூடவே வரும் பிரிவியூ செயலியில் டூல்ஸ் மெனுவில் 'அட்ஜஸ்ட் சைஸ்' இருக்கிறது, பல படங்களை ஒன்றாகத் தேர்ந்தெடுத்தும் செய்யலாம்.

ஓரிரு படம்தான் என்றால் ஸ்குவூஷ் (Squoosh). கூகிள் குரோம் குழு செய்த இணையதளம், போன் பிரவுசரிலும் ஓடும். இடது பக்கம் அசல், வலது பக்கம் சுருக்கினது, நடுவில் ஒரு கோட்டை இழுத்து இழுத்து ஒப்பிடலாம், கீழே எடை எவ்வளவு குறைந்தது என்றும் காட்டும். படம் உங்கள் கருவியிலேயே சுருங்குகிறது, வெளியே எங்கும் போவதில்லை. தரத்தை எண்பதிலிருந்து இருபது வரை மெதுவாக இறக்கிக்கொண்டே பார்த்தால் எந்த இடத்தில் படம் கெட ஆரம்பிக்கிறது என்பது கண்ணுக்குப் பழகிவிடும். ஒரு தடவையாவது இதைச் செய்து பாருங்கள், அதற்கப்புறம் யாரும் உங்களுக்கு எண் சொல்லத் தேவையில்லை.

ஐபோனில் ஷார்ட்கட்ஸ் செயலியில் 'ரீசைஸ் இமேஜ்', 'கன்வர்ட் இமேஜ்' இரண்டையும் அடுத்தடுத்துக் கோத்து ஒரு ஷார்ட்கட் செய்து வைத்துக்கொண்டால், கேலரியில் படங்களைத் தேர்ந்தெடுத்து ஷேர் அழுத்தினாலே வேலை முடியும். ஆண்ட்ராய்டில் சில போன்களின் கேலரியிலேயே எடிட்டுக்குள் ரீசைஸ் இருக்கும், இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது ஸ்குவூஷ்.

வாட்ஸப்பில் அனுப்பும்போது

"வாட்ஸப்பே சுருக்கித்தானே அனுப்புகிறது, நான் எதுக்குச் சுருக்கணும்?" என்று கேட்பவர்கள் உண்டு. அது சுருக்கும், வெட்டாது. 6000 பிக்சல் படத்தை அப்படியே கொடுத்தால் மேலே சொன்ன 240 பிக்சல் பறவை கதைதான் நடக்கும். அதைப் பார்த்து எரிச்சலாகி நம்ம ஆட்கள் 'டாக்குமென்ட்' வழியாக அனுப்ப ஆரம்பிக்கிறார்கள், அதில் அசல் அப்படியே போகும், பத்து எம்பி பத்து எம்பியாக. இரண்டுக்கும் நடுவில் வழி இருக்கிறது: வெட்டி, 1600க்குச் சுருக்கி, சாதாரணப் படமாகவே அனுப்புங்கள். ஏற்கெனவே சின்னதாக இருக்கும் படத்தில் வாட்ஸப் பெரிதாகக் கை வைக்காது. 2023 ஆகஸ்டில் வந்த எச்டி பொத்தானை இனம் கண்டுபிடிக்கக் கேட்கும் படத்துக்கு மட்டும் அழுத்தினால் போதும்.

அப்புறம், எத்தனை படம்? கேமராவில் தொடர்ச்சியாக அழுத்தி எடுத்த கூழைக்கடா படங்கள் இருபத்தேழு இருக்கலாம், அது தண்ணீரில் இறங்குவதற்கு மூன்று போதும்: இறக்கை விரித்தது, கால் தண்ணீரைத் தொட்டது, நீர் தெறித்தது. மற்றதெல்லாம் உங்களுக்கு. எடையைக் குறைக்க இதைவிடச் சிறந்த கருவி எந்தக் கம்பெனியும் கண்டுபிடிக்கவில்லை. பறவைப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பாமல் எழுத்தாக ஒட்டினால் எடையும் இல்லை, பின்னால் தேடினாலும் கிடைக்கும்.

இடம் தெரியக்கூடாத படங்கள்

இது எடை சம்பந்தப்பட்டது இல்லை, ஆனால் சுருக்கும் அதே நேரத்தில் செய்துவிட வேண்டியது. போன் எடுக்கும் படத்துக்குள் எக்ஸிஃப் என்று ஒரு குறிப்பு இருக்கும்: தேதி, நேரம், லென்ஸ், ஷட்டர் வேகம், லொகேஷன் திறந்திருந்தால் அட்சரேகை தீர்க்கரேகையும். சில மீட்டர் துல்லியத்தில் அந்த மரத்தின் அடிக்கே கூட்டிக்கொண்டு போய்விடும். தனி கேமராவில் ஜிபிஎஸ் இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்போம். அதை போன் செயலியோடு இணைத்திருந்தால் போனிலிருந்து இடத்தை வாங்கிப் படத்தில் எழுதிக்கொள்ளும் கேமராக்கள் உண்டு.

கூட்டில் உட்கார்ந்திருக்கும் பறவை, ஆந்தை, இந்த இரண்டுக்கும் இடத்தை வெளியே விடவே கூடாது. ஆந்தையைப் பிடித்து விற்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், இருந்தும் தீபாவளியை ஒட்டி மாந்திரீகத்துக்கு என்று அது இன்னும் நடக்கிறது. பிடிக்கிறவன் வராவிட்டாலும் படம் எடுக்கிறவர்கள் முப்பது பேர் அடுத்த ஞாயிறு வந்து கூட்டின் கீழே நிற்பார்கள், அதுவே போதும், தாய்ப்பறவை கூட்டை விட்டுப் போய்விடலாம். பறவைக் கணக்குக்கு உலகம் முழுக்கப் பயன்படுத்தும் ஈபேர்டுகூட ஆபத்துள்ள சில இனங்களின் இடத்தை வெளியே காட்டாமல் மறைத்துத்தான் வைக்கிறது.

அழிக்கும் வழி சுலபம். ஐபோனில் ஷேர் அழுத்தியதும் மேலே 'ஆப்ஷன்ஸ்' என்று வரும், அதில் லொகேஷனை அணைக்கலாம். விண்டோஸில் ஃபைலை வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ், கீழே 'ரிமூவ் பிராப்பர்ட்டீஸ்' என்று இருக்கும். வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இந்தக் குறிப்பு போய்விடும், டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே கூடவே போகும், இது பலபேருக்குத் தெரியாது. கூகிள் போட்டோஸ் ஆல்பத்தை இணைப்பாக அனுப்புகிறீர்கள் என்றால் ஆல்பத்தின் ஆப்ஷன்ஸில் போய் இடத்தைப் பகிர்வதை அணைத்துவிட்டு அனுப்புங்கள். ஒரு சின்ன எச்சரிக்கை, படம் எந்தப் பக்கம் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதும் இதே எக்ஸிஃபில்தான் எழுதியிருக்கும். மொத்தத்தையும் துடைத்துவிட்டால் நின்ற நாரை படுத்துக்கொள்ளும். அதனால் முதலில் படத்தைச் சரியான பக்கம் திருப்பிச் சேமித்துவிட்டு, அப்புறம் துடையுங்கள்.

பக்கமாகவே வைக்கிறவர்களுக்கு

வருஷம் முழுக்க எடுத்ததை ஒரு ஆல்பம் பக்கமாகச் செய்து வைப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். அங்கே நடக்கும் முக்கியமான அநியாயம் சிறுபடத்தில். முழுப் படத்தையே போட்டு, பக்கத்தின் குறியீட்டில் அகலத்தை மட்டும் 300 என்று எழுதிவிடுவார்கள். பார்க்கச் சின்னதாகத்தான் இருக்கும், ஆனால் பின்னால் இறங்குவது முழு எட்டு எம்பி. சிறுபடத்துக்கென்று 400 பிக்சலில் தனியாக ஒரு ஃபைல் செய்யுங்கள், 30 கேபிக்குப் பக்கத்தில் வரும். இருபது சிறுபடம் வைத்தாலும் மொத்தம் 600 கேபிதான். தொட்டால் 1600 பிக்சல் படம் திறக்கட்டும்.

கீழே இருக்கும் படங்களுக்கு 'லேஸி லோடிங்' போடுங்கள், பார்க்கிறவர் அந்த இடத்துக்கு வரும்போதுதான் படம் இறங்கும். குரோம் 2019 முதல் இதை நேரடியாகவே ஏற்கிறது, தனியாக எதுவும் எழுத வேண்டாம், படத்தின் குறியீட்டில் ஒரு சொல் சேர்த்தால் போதும். மேலே முதலில் தெரியும் படத்துக்கு மட்டும் அதைப் போட்டுவிடாதீர்கள், அது சீக்கிரம் வர வேண்டியது, சோம்பேறியாக்கினால் தாமதமாகும். ஒவ்வொரு படத்துக்கும் அகலம் உயரம் இரண்டையும் எழுதுங்கள். எழுதாவிட்டால் படம் வரும் வரை பிரவுசருக்கு எவ்வளவு இடம் விடுவது என்று தெரியாது, படித்துக்கொண்டிருக்கும்போது வரி துள்ளிக் கீழே போகும், விரல் வேறு எதையோ அழுத்திவிடும். சேமிக்கும்போது 'ப்ரோகிரெசிவ்' என்ற கட்டம் இருந்தால் டிக் செய்யுங்கள். மேலிருந்து கீழே திரைச்சீலை இறங்குகிற மாதிரி வராமல், முழுப்படமும் முதலில் மங்கலாக வந்து பிறகு தெளியும், காத்திருப்பவருக்கு அது ஆறுதல்.

படத்தை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் கேள்விதான். இலவசமாகத் தரும் இடம் எப்போதும் இலவசமாகவே இருக்காது. போட்டோபக்கெட் என்ற படச் சேமிப்புத் தளத்தில் படத்தை வைத்து மற்ற தளங்களில் காட்டிக்கொண்டிருந்தவர்களிடம் 2017இல் திடீரென்று ஆண்டுக்கு 400 டாலர் அளவுக்குக் கேட்டார்கள், உலகம் முழுக்கப் பல வருஷத்துப் படங்கள் ஒரே நாளில் காலிக் கட்டங்களாயின. கூகிள் போட்டோஸும் எல்லையில்லா இலவசத்தை 2021 ஜூன் 1ஆம் தேதியோடு நிறுத்தி 15 ஜிபி என்று ஆக்கியது. ஆகவே எங்கே வைத்தாலும் வீட்டில் ஒரு ஹார்டு டிஸ்கில் அசல் இருக்க வேண்டும்.

பக்கம் எப்படித் திறக்கிறது என்பதை உங்கள் வீட்டு ஃபைபரில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அங்கே எல்லாமே பறக்கும். குரோமில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதிக்குப் போனால் வேகத்தை வேண்டுமென்றே குறைத்துப் பார்க்கும் வசதி இருக்கிறது. 3ஜி என்று வைத்துப் பக்கத்தை மறுபடி திறங்கள். எந்தப் படம் எவ்வளவு எடை, எது வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று வரிசையாகக் காட்டும், பெரும்பாலும் ஒன்றிரண்டு படம்தான் குற்றவாளியாக இருக்கும். முக்கியமான படம் இரண்டரை விநாடிக்குள் தெரிந்துவிட்டால் நல்ல பக்கம் என்பது கூகிள் வைத்திருக்கும் அளவு.

சுருக்கின படத்தைப் பார்த்துவிட்டு யாராவது ஃபிரேம் போடக் கேட்டால் மட்டும் இதெல்லாம் உதவாது. ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சடிக்க 3508க்கு 2480 பிக்சல் வேண்டும். நம் 1600 பிக்சல் படம் ஐந்தேகால் அங்குலத்தோடு நின்றுவிடும். அவருக்கு அசலிலிருந்து வெட்டி, சுருக்காமல், தரம் 95இல் சேமித்து, இடக்குறிப்பைத் துடைத்துவிட்டு, டாக்குமென்ட்டாக அவருக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள்.